காற்றின் தடமும் வேலியின் தொடரும்: கொங்கு நாட்டில் காட்டு மரப் பூச்சிகளைக் கண்காணிக்கும் முறை

காட்டு மரப் பூச்சிகளைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்டி போகும் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் நிற்கும் மரங்களையே பார்க்கிறார்கள் என்பதைக் களத்தில் பழகிய எவரும் மறுக்கமாட்டார்கள். சாலையோர மரம் அதிக வெயிலும் தூசியும் பட்டு வளர்வது. அதன் இலையில் காணும் சேதத்தை வைத்து, இரண்டு முகடுகளுக்கு அப்பாலுள்ள சரிவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பூச்சி நிலத்தின்மீது சீராகப் பரவுவதில்லை. காற்று எங்கே தணிகிறதோ, தளிர் எங்கே முதலில் விடுகிறதோ, தின்னும் மரம் எங்கே அறுபடாமல் தொடர்கிறதோ அங்கே அது கூடுகிறது. மற்ற இடங்களைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. ஆகவே பொறி வைப்பதற்கும் மரம் எண்ணுவதற்கும் முன்னால் நிலத்தின் அமைப்பைப் பார்த்தாக வேண்டும். மேற்கே ஆனைமலையும் நீலகிரியும், வடக்கே சத்தியமங்கலம், அந்தியூர், பர்கூர் மலைகளும், நடுவே கரடு என்னும் சிறு குன்றுகளும் கொரங்காடு என்னும் வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களும் வாய்க்கால் பாசனத் தோட்டங்களுமாக அமைந்த கொங்கு நாட்டில் இதை எப்படிச் செய்வது என்பதை, மரம் வளர்க்கும் விவசாயிகளையும் வனத்துறைக் களப்பணியாளர்களையும் வனவியல் மாணவர்களையும் மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

வரைபடத்தில் குறிக்க வேண்டியவை

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் 20 மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடுகள் இருக்கும். அதையும், இஸ்ரோவின் புவன் தளத்திலோ கூகுள் எர்த்திலோ கிடைக்கும் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பணிசெய்யப் போகும் பகுதிக்கு ஒரு கைவரைபடம் போட வேண்டும். காற்று நுழையும் கணவாயையும் அது மோதும் முகடுகளையும் ஒரு வண்ணத்திலும், பள்ளங்கள், குட்டைகள், வாய்க்கால்கள் ஆகியவற்றை இன்னொரு வண்ணத்திலும் குறிக்கலாம். மரம் வெட்டி ஏற்றிச் செல்லும் பாதைகள், மர அறுவை மில்கள், நாற்றங்கால்கள், சோதனைச்சாவடிகள் ஆகியவை மூன்றாவது. இவையெல்லாம் ஓரிரு நாளில் முடிந்துவிடும்.

நேரம் பிடிப்பது, கண்காணிக்க எடுத்துக்கொண்ட மர இனம் எங்கெங்கே நிற்கிறது என்று குறிப்பதுதான். தேக்கு என்று எடுத்துக்கொண்டால், வனத்துறைத் தோட்டத்தை மட்டும் குறித்துவிட்டு நிறுத்திவிடக்கூடாது. வரப்போர வரிசைகள், கோயில் நிலத்தில் நிற்பவை, பண்ணைவீட்டைச் சுற்றி நட்டவை எல்லாம் வேண்டும். இவை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஆடு மேய்ப்பவர்களிடமும் வேட்டைத் தடுப்புக் காவலர்களிடமும் உட்கார்ந்து கேட்டால் பெரும்பகுதி கிடைத்துவிடும். எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் தளிர் விடும் என்பதை அவர்களைவிடத் துல்லியமாகச் சொல்லும் கருவி இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம்.

காற்று

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ இடைவிடாமல் ஓடிவரும் நீளத்தில், பாலக்காட்டுக் கணவாய் மட்டும் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. அதன் இருபுறமும் 2,600 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் உண்டு. கணவாயோ 300 மீட்டர்கூடத் தேறாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியாகக் குவிந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் எனக் கிழக்கு நோக்கி அடிக்கிறது. இந்தத் தடத்தை அறியத் தனியாகக் காற்றுமானி வாங்க வேண்டியதில்லை. காற்றாலைகள் எந்த வழியில் நெருங்கி நிற்கின்றனவோ அதுவே தடம். வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, மாவுப்பூச்சியின் நடமாடும் இளங்குஞ்சு போன்ற சிறிய பூச்சிகள் தாமாகப் பறந்தோ நடந்தோ செல்லும் தூரம் குறைவு. காற்றில் ஏறிவிட்டால் அவை போகுமிடத்தைக் காற்றே முடிவு செய்கிறது.

தென்னையைத் தாக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 2016ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில்தான். தென்னை காட்டு மரமல்ல என்றாலும் இந்த ஈ பல மர இனங்களில் தங்கக்கூடியது. மேலும், கணவாய்க்கு எதிரே தென்னை இடைவெளியின்றி நிற்கும் ஒரு நிலத்தில் புதிய பூச்சி ஒன்று வேரூன்றினால் என்னவாகும் என்பதைக் கொங்கு நாடு அதில்தான் பார்த்தது. இலைகளின் கீழ்ப்புறத்தில் வெண்மையான சுருள் வட்டங்களாக முட்டை, அதற்கடியில் உள்ள இலைகளில் தேன்துளி வழிந்து கரும்பூசணம் என்பதுதான் அதன் அடையாளம். கணவாய்க்கு எதிரே உள்ள ஊர்களில் ஜூன் மாதத்துக்கு முன்பே ஒரு சுற்றும், காற்று ஓய்ந்த பின் அக்டோபரில் ஒரு சுற்றும் பார்ப்பது குறைந்தபட்சத் தேவை. இரண்டாவது சுற்றில் கிழக்கே எவ்வளவு தொலைவு அடையாளம் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துக் குறித்தால், அந்த ஆண்டின் நகர்வு தெரிந்துவிடும். வடகிழக்குப் பருவத்தில் காற்று திரும்புவதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்கிலிருந்து மலையடிவாரத்தை நோக்கி வருவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பொறி வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு செய்தி. பலமான காற்று ஒரு மரவரிசையிலோ கரட்டிலோ மோதிக் கடக்கும்போது, அதன் மறைவுப் பக்கத்தில் வேகம் குறைகிறது. காற்றில் மிதந்துவரும் சிறு பூச்சிகள் அங்கே இறங்கிக் குவிகின்றன. இந்த அமைதியான பகுதி மரவரிசையின் உயரத்தைப் போலச் சில மடங்கு தூரம்வரை நீளும். எனவே மஞ்சள் ஒட்டும் பொறியைக் காற்று நேராக வந்து அடிக்கும் மேற்கு ஓரத்தில் கட்டினால், தூசியும் சருகும் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சமாகும். வரிசையின் கிழக்குப் பக்கத்தில், இலை மட்டத்தில் கட்ட வேண்டும். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று கட்டி எண்ணிக்கையை ஒப்பிட்டால், வருவது வெளியூர்ப் பூச்சியா, தோட்டத்துக்குள்ளேயே பெருகியதா என்பதற்கும் ஒரு குறிப்புக் கிடைக்கும்.

உயரமும் மழையும்: தேக்கு சொல்லும் பாடம்

கோயம்புத்தூர் நகரில் ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் வால்பாறைப் பக்கத்தில் 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித் திம்பத்தை அடைவதற்குள் வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் குறைந்துவிடுகிறது. பூச்சியின் வளர்ச்சி வெப்பத்தைப் பொறுத்தது என்பதால், ஒரே தலைமுறை அடிவாரத்தில் முந்தியும் மேலே பிந்தியும் முதிர்கிறது. கணக்கெடுக்கும் தேதியை மாவட்டம் முழுவதுக்கும் ஒன்றாக அறிவிப்பது நிர்வாகத்துக்கு வசதியாக இருக்கலாம். பூச்சிக்கு அது பொருந்தாது.

இதைத் தெளிவாகக் காட்டுவது தேக்கு இலையைத் தின்னும் ஹைப்ளியா பூரா என்னும் அந்துப்பூச்சியின் புழு. ஆனைமலையிலுள்ள டாப்சிலிப், உலாந்தி வட்டாரத்தில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி மறுபடியும் வளர்த்தெடுத்த தேக்குக் காடுகளும், அடிவாரத்திலிருந்து சமவெளி வரை விவசாயிகள் நட்ட தேக்கும் சேர்ந்து இந்தப் பூச்சிக்குக் கொங்கு நாட்டில் அகன்றதொரு மேய்ச்சல் நிலமாகின்றன. கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் நீண்டகாலம் செய்த ஆய்வுகள் இதன் போக்கை விளக்கியுள்ளன. கோடை மழை விழுந்து தேக்கு தளிர்க்கும் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும், ஒன்றுக்கொன்று தொலைவான சிறு திட்டுகளில் முதல் தாக்குதல் தொடங்குகிறது. புழு 10 முதல் 12 நாள் தின்றுவிட்டு, நூலில் இறங்கி, சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகிறது. வெளிவரும் அந்துகளுக்கு அங்கே தளிர் இல்லாததால் கூட்டமாக வேறிடம் பெயர்கின்றன. சில வாரங்களில் சிறு திட்டு பல மடங்காகப் பெருகிப் பெரும்பரப்பு மொட்டையாகிறது. மரம் சாவதில்லை, மறுபடி தளிர்த்துவிடுகிறது. ஆனால் அந்த ஆய்வுகளின்படி, பூச்சியிலிருந்து காக்கப்பட்ட மரங்களோடு ஒப்பிட்டால், மரத்தின் கன அளவு வளர்ச்சியில் 44 சதவீதம் இழப்பாகிறது. பச்சை திரும்பிவிட்டதே என்று விட்டுவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே தேக்கைப் பொறுத்தவரை, முழுப் பரப்பையும் ஜூன் மாதத்தில் ஒருமுறை சுற்றிவருவதைக் காட்டிலும், முதல் திட்டுகளைப் பிடிப்பதே கண்காணிப்பின் பயன். அதற்கு மழையின் பின்னால் போக வேண்டும். மார்ச் மாதத்திலிருந்தே, பக்கத்திலுள்ள மழைமானிகளில் எந்தத் தேதியில் எவ்வளவு பதிவானது என்று குறித்து வர வேண்டும். நீர்வளத்துறை அணைகள், தேயிலை, காப்பித் தோட்டங்கள், வனத்துறை முகாம்கள் எனக் கேட்கும் இடங்கள் உண்டு. தளிரை வெளிக்கொணரும் அளவுக்கு முதல் மழை விழுந்த சரிவுகளை வரைபடத்தில் வட்டமிட்டு, இரண்டாவது வாரத்தில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். இளம்புழு இலையோரத்தை வெட்டி மடித்து அதற்குள் இருக்கும். தொலைவிலிருந்து மரம் பச்சையாகவே தெரியும் என்பதால், தோட்டிக்கம்பால் கிளை இழுத்துப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. புழு முற்றிவிட்டால் தேடவே வேண்டாம். புழுக்கை உதிர்வது தூறல்போலச் சருகின்மேல் கேட்கும். அப்போது அந்தத் திட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை, அந்துகள் பெயரப் போகும் அடுத்த தளிர்ச்சரிவு எது என்று பார்ப்பதே வேலை.

இதில் வாய்க்கால் பாசனத் தேக்குக்குத் தனிக் கவனம் தேவை. கீழ்பவானி வாய்க்காலோரத்திலும் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனப் பகுதியிலும் தண்ணீர் பாயும் தோட்டத்துத் தேக்கு, காட்டுத் தேக்கு இலையுதிர்த்து நிற்கும் காலத்திலும் தளிரோடு இருக்கக்கூடும். காட்டில் உணவில்லாத மாதங்களில் பூச்சி சிறு எண்ணிக்கையில் தங்கிப் பிழைப்பதற்கு இப்படிப்பட்ட இடங்கள் உதவும் என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரை மாதம் ஒருமுறை அங்கே பார்த்து வருவது நல்லது.

அக்டோபருக்குப் பின் தேக்கில் காணும் சேதத்தை இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. முற்றிய இலையின் பச்சையைச் சுரண்டி, சல்லடைபோன்ற நரம்பு வலையை மட்டும் மிச்சம் வைப்பது யூடெக்டோனா என்ற வேறொரு அந்துப்பூச்சியின் புழு. ஹைப்ளியா புழு தளிரை முழுதாகத் தின்று பெருநரம்பை மட்டும் விடும். யூடெக்டோனா இலை உதிரும் பருவத்துக்கு முன் வருவதால் அதனால் இழப்பும் குறைவு.

சரிவின் முகமும் வெளிச்சமும்

மேற்கு நோக்கிய ஆனைமலைச் சரிவு ஜூன், ஜூலையில் நனைகிறது. மேட்டுப்பாளையத்தை நோக்கிய நீலகிரியின் கிழக்குச் சரிவு அக்டோபர், நவம்பரில் நனைகிறது. ஆக, ஒரே உயரத்தில் நிற்கும் ஒரே இன மரம் இரு சரிவிலும் வெவ்வேறு மாதத்தில் தளிர்க்கும். இதோடு வெளிச்சமும் சேர்கிறது. ஏற்காட்டு அராபிகா காப்பியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு வெயில் நன்றாகப் படும் தண்டைத் தேடித்தான் பட்டை வெடிப்பில் முட்டையிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் அது பறக்கும் காலம். நிழல்மரம் விழுந்து திறந்துபோன இடத்தையும் சாலை வெட்டிய ஓரத்தையும் முதலில் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். நிழல் அடர்ந்த நடுப்பகுதியில் வண்டு இல்லை என்பதால் தோட்டம் தப்பித்தது என்று ஆகாது. பட்டை தின்னும் புழுவும் அப்படியே: சவுக்கிலும் பிற மரங்களிலும் கிளை பிரியும் கவட்டில் புழுக்கையும் நூலும் கலந்த பழுப்பு நாடா தொங்குமானால் அது இந்தப் புழுதான். வறட்சியில் வாடிய மேட்டுநில மரங்களில் தேடத் தொடங்கலாம்.

தொடரும் மரங்கள், தொடரும் வேலி

பப்பாளி மாவுப்பூச்சி 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் இந்தியாவிலேயே முதன்முறையாகப் பதிவாகி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் மல்பெரி, மரவள்ளி, பப்பாளி என்று பற்றிக்கொண்டதை இங்குள்ள விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். அது மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டது. இங்கே அதற்கு எதிரி இல்லை. உணவோ பயிரில் மட்டுமன்றிச் செம்பருத்தி, துத்தி, பார்த்தீனியம் என்று வரப்பெல்லாம் தொடர்ந்து கிடைத்தது. மருந்தடித்தவர்கள் தோட்டத்துக்குள் அடித்தார்கள். பூச்சி வேலியிலிருந்து திரும்பி வந்தது. 2010ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்டு, வேளாண் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களால் பெருக்கி விடப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவி வந்த பிறகே அடங்கியது. அந்தக் குளவி பரவியதும் அதே தொடர்ச்சியின் வழியாகத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்: பூச்சிக்கு வழிவிடும் வேலி, பூச்சியின் எதிரிக்கும் வழிவிடுகிறது.

இதனால்தான், பூச்சி வந்துவிட்டது என்ற பதற்றத்தில், வேலிகளுக்கிடையே செல்லும் தடமான இட்டேரியைச் சுத்தம் செய்ய இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். இருபுறமும் கிளுவையும் கள்ளியும் பல வகைக் கொடிகளுமாக மண்டிய இட்டேரியும், வெள்வேல் நிழலில் கொழுக்கட்டைப் புல் வளரும் கொரங்காடும் குளவிகள், பொறிவண்டுகள், சிலந்திகள், கரிச்சான், தவிட்டுக்குருவி ஆகியவற்றுக்கு உறைவிடம். கிளுவையைப் பிடுங்கிக் கம்பிவேலி போட்ட இடங்களில் அந்தத் தொடர் அறுந்துபோகிறது. கண்காணிப்பில் செய்ய வேண்டியது, வேலியில் எந்தச் செடி எந்தப் பூச்சிக்கு இடம் கொடுக்கிறது என்று தனித்தனியே பார்ப்பது. பார்த்தீனியத்தையும் துத்தியையும் எடுத்துவிட்டுக் கிளுவையை விட்டுவைக்க முடியும். மாவுப்பூச்சியைப் பார்க்கும்போது அதன் உடல் உப்பிப் பழுப்பேறி, வட்டத் துளையோடு இருக்கிறதா என்றும் பார்த்து எண்ண வேண்டும். அப்படிப்பட்டவை குளவி தின்று வெளியேறியவை. பூச்சியின் எண்ணிக்கையை மட்டும் எழுதி இதை எழுதாவிட்டால், தானாகத் தணியப்போகும் தாக்குதலுக்கும் மருந்து அடிக்கப்படும்.

இதற்கு நேர்மாறான நிலம் ஒன்றும் கொங்கில் பெருகி வருகிறது: புகளூர், பள்ளிபாளையம் காகித ஆலைகளைச் சுற்றிய மாவட்டங்களில் ஒரே தாய்மரத்திலிருந்து எடுத்த நாற்றுகளாக நடப்படும் தைலமரமும் சவுக்கும், தீக்குச்சிக்கு வளர்க்கும் பெருமரமும். ஒரே வயது, ஒரே வகை என்பதால் எல்லா மரமும் ஒரே வாரத்தில் தளிர்க்கும். பூச்சிக்குப் பிடித்தால் எல்லாமே பிடிக்கும். 1988ஆம் ஆண்டு தமிழகத்தில் நுழைந்த சூபாபுல் பேன் என்னும் சாறுறிஞ்சும் பூச்சி, சூபாபுல் (சவுண்டல்) மரத்தை நம்பி நட்டவர்களைத் திகைக்க வைத்தது. 2000களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவுக்கு வந்த ஆஸ்திரேலியக் குளவியான லெப்டோசைப், தைலமரத்தின் தளிர்க்காம்பிலும் நடுநரம்பிலும் முடிச்சுகளை உண்டாக்கியது. இப்படிப்பட்ட தோட்டங்களில் பார்க்க வேண்டிய இடம் உயர்ந்து நிற்கும் மரமல்ல; வெட்டிய கட்டையிலிருந்து கிளம்பும் மறுதாம்புத் தளிரும் நாற்றங்காலுமே. வெட்டிய மூன்றாம் மாதத்துத் துண்டுநிலத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து பார்ப்பது, எல்லோருக்கும் முன்னறிவிப்பாகும். பெருமரத்தில் இலைக்கொத்துகளை நூலால் பின்னி வலையாக்கும் அட்டீவா புழுவையும், பெரிய எலிக்மா புழுவையும் நாற்றுப்பருவத்திலிருந்தே தேட வேண்டும்.

வண்டி ஏறி வரும் பூச்சி

மலையும் காற்றும் விளக்காத ஒரு வகைப் பரவல் உண்டு. அமெரிக்காவில் 1869ஆம் ஆண்டுவாக்கில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தப்பிப்போன ஐரோப்பிய ஸ்பாஞ்சி அந்துப்பூச்சியின் பெண் பறக்க முடியாதது. ஆனாலும் விறகிலும் வண்டியிலும் ஒட்டிய முட்டைக்குவியல்களாக அது பல மாநிலங்களைப் பிடித்துவிட்டது. அங்கே பரவலின் முன்விளிம்புக்கு வெளியே கட்டம் கட்டமாக, பெண் பூச்சியின் மணத்தைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, தனித்து முளைக்கும் திட்டுகளைப் பிடித்து அழிக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனால் வாளையார் வழியாகவும், மைசூர்ச் சாலையில் பண்ணாரி வழியாகவும் பட்டையோடு மரம் வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து நாற்று எல்லாத் திசைக்கும் போகிறது. வரைபடத்தில் குறித்த மில்களையும் நாற்றங்கால்களையும் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குள் நிற்கும் மரங்களைப் பருவத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அடுக்கிய மரத்தடியில் புதிதாக விழுந்த மாவுபோன்ற மரத்தூள், பட்டையில் குண்டூசித் துளைகள், நாற்றின் இலையடியில் வெண்பஞ்சு ஆகியவை போதிய அடையாளங்கள். நாற்று வாங்குகிறவர் இலையைத் திருப்பிப் பார்க்காமல் வண்டியில் ஏற்றக்கூடாது.

எங்கே நின்று எதை எண்ணுவது

வரைபடம் தயாரான பின், பார்க்கும் இடங்களை நிலத்தின் வகைக்கேற்பப் பிரிக்க வேண்டும். முகடு, நடுச்சரிவு, பள்ளம் என மூன்று. காட்டோரம், அதிலிருந்து நூறு மீட்டர் உள்ளே என இரண்டு. தேவையானால் கிழக்கு, மேற்கு முகங்கள். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது மூன்று இடமாவது இருந்தால்தான் ஒப்பிட முடியும். ஒவ்வோர் இடத்திலும் 10 மரத்துக்கு எண் எழுதி, அதே மரங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இலையிழப்பைக் கால், அரை, முக்கால், முழுது என்ற நான்கு படியில் எழுதினால் போதும். சதவீதத்தைக் கண்ணால் துல்லியமாகச் சொல்வதாக நினைப்பது மயக்கம். இருவர் தனித்தனியே மதிப்பிட்டுப் பிறகு ஒப்பிடுவது பழக்கமாக வேண்டும். தளிர்க்காலத்தில் 10 நாளுக்கு ஒருமுறையும் மற்றக் காலத்தில் மாதம் ஒருமுறையும் செல்லலாம். பூச்சி இல்லாத நாளில் "இல்லை" என்று எழுதியே தீர வேண்டும். எழுதாத நாள், போகாத நாளாகிவிடும்.

விளக்குப்பொறி வைப்பவர்கள் அமாவாசையை ஒட்டிய இரவுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலவொளியில் வரத்து குறையும். ஊர் விளக்கு தெரியும் இடமும் ஆகாது. மலைச்சரிவில் இரவுக் காற்று குளிர்ந்து கீழிறங்கும் என்பதால், இனக்கவர்ச்சிப் பொறியின் மணம் பள்ளத்தை நோக்கி ஓடும். ஆண் அந்து அந்த மணத்தை எதிர்த்து மேலேறி வரும். ஆக, பள்ளத்தின் தலைமாட்டில் வைத்த பொறி கீழேயுள்ள காட்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்லும், அடிமாட்டில் வைத்தது மேலுள்ளதைக் காட்டாது. எல்லாக் காட்டுப் பூச்சிக்கும் இனக்கவர்ச்சிப் பொருள் கடையில் கிடைத்துவிடாது என்பதால், கண்ணால் பார்ப்பதை எதுவும் ஈடு செய்வதில்லை.

ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் நுழைவதற்கும் பூச்சி சேகரிப்பதற்கும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும், யானை இறங்கும் பள்ளத்தில் இரவு விளக்கோடு உட்காரக்கூடாது. காவலர் சொல்லும் இடத்தில்தான் பொறி.

செயற்கைக்கோள் படம்

ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில், ஏறத்தாழ 5 நாளுக்கு ஒருமுறை, இலவசமாகக் கிடைக்கின்றன. தேக்கு மொட்டையாகும் ஜூனில்தான் ஆனைமலைமீது மேகம் மூடியிருக்கும் என்பது இதன் முதல் குறை. அது காலை 10.30 மணியளவில் கடப்பதால் செங்குத்தான மேற்குச் சரிவுகள் நிழலில் விழும். டிசம்பரில் வடக்குச் சரிவுகளும் அப்படியே. நிழலை இலையிழப்பு என்று படித்துவிடும் ஆபத்து உண்டு. வரப்பில் ஒற்றை வரிசையாக நிற்கும் தேக்கு அதில் தெரியவே தெரியாது. ஒரே காட்டு வகையை, ஒரே மாதத்தில், முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு, எந்தத் திட்டுக்கு நடந்து போக வேண்டும் என்று முடிவு செய்யப் பயன்படுத்தினால் அது உதவும்.

வேறு காரணங்களை விலக்குதல்

வறட்சி, காட்டுத்தீயின் அனல், மான் கடிப்பு எல்லாம் பூச்சித் தாக்குதல்போலத் தோன்றும். அண்மை ஆண்டுகளில் மழைக்காலத்தை ஒட்டிச் சாலையோர வேம்புகள் நுனியிலிருந்து கருகியதைப் பலரும் பார்த்தார்கள். அதில் தளிர்ச் சாற்றை உறிஞ்சும் தேயிலைக் கொசு என்னும் நாவாய்ப்பூச்சியும் நுனிக்கருகல் பூசணமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. பூச்சி மட்டும் என்று நினைத்து மருந்தடித்தால் பாதிதான் சரி. பெரும்பாலான மரங்கள் தாமாகவே துளிர்த்துவிடுகின்றன என்பதால், ஓங்கிய வேம்புக்கு மருந்தடிப்பதே தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனம் தெரியாத பூச்சி கிடைத்தால், இடம், உயரம், சரிவின் முகம், மரம், தேதி ஆகியவற்றை எழுதிய சீட்டோடு, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி ஆகிய மூன்றும் அடையாளம் காண உதவும் இடங்கள். மாதிரியை 70 சதவீத ஆல்கஹால் நிரப்பிய சிறு குப்பியில் போட்டு, மூடியை நாடாவால் ஒட்டிய பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். தாக்கப்பட்ட கிளையை உயிருள்ள புழுவோடு கோணிப்பையில் கட்டி ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக்கூடாது.